அடிச்சுவர் தெரியிற வரைக்கும்

ஒரு வீட்டுக்கு முதல் தடவையா போனா நாமெல்லாம் என்ன பண்ணுவோம்? சோபா நல்லாயிருக்கு, கர்ட்டன் நல்லாயிருக்குன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உட்காருவோம். எங்க கீழ் வீட்டு அக்கா நேரா சுவர்கிட்ட போவாங்க. உள்ளங்கையை வெச்சு மெதுவா தடவுவாங்க. அப்புறம் விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாங்க. "உள்ள ஊதியிருக்கு, கேட்டியா. பழசைச் சுரண்டாம மேலயே அடிச்சிருக்கான்"னு வீட்டுக்காரங்க முகத்துக்கு நேராவே சொல்லிடுவாங்க. புது வீடு வாங்கின சந்தோஷத்துல கேசரி கிண்டி வெச்சுட்டு நிக்கிறவங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு மானமே போகும். ஏன்னா அவங்களைக் கார்ல கூட்டிட்டு வந்தது பாதி நேரம் நானாத்தான் இருப்பேன்.

இது எண்பதுகளோட நடுவுல, நியூ ஜெர்சியில. அவங்க வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஆபீஸ். ஒரே அபார்ட்மென்ட் கட்டடம், அவங்க கீழே, நாங்க மேலே. நான் மெட்ராஸ், புரசைவாக்கம். அவங்க பாளையங்கோட்டை, ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற குடும்பம். ஊர்ல கணக்கு டீச்சரா இருந்தவங்க. கல்யாணமாகி வந்த விசாவுல வேலைக்குப் போக முடியாது, டிரைவ் பண்ணவும் தெரியாது. அதனால வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தாங்கன்னு சொல்ல வரேன், ஆனா அவங்க சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

ஒரு தடவை கராஜ் சேல்ல யாரோ வித்த ஒரு பழைய இரும்பு வாணலி வாங்கிட்டு வந்தேன். கறுப்பு ஏறி அடையாத்தான் இருந்தது, ஒத்துக்கிறேன். நல்லா சோப்பு போட்டுத் தேய்ச்சா போதும்னு நான் நினைச்சேன். அக்கா பார்த்துட்டு அப்படியே எடுத்துட்டுப் போனாங்க. மறுநாள் கொண்டு வந்தப்ப அடி இரும்பு வெள்ளை வெளேர்னு வெளிய வந்திருந்தது, அவங்க நகம் ரெண்டு உடைஞ்சிருந்தது. "இவ்வளவு எதுக்குக்கா?"ன்னு கேட்டேன். "எவ எவ என்னத்த வறுத்தாளோ! அதுக்கு மேலயாட்டி நீ தாளிப்ப?"ன்னு கேட்டாங்க. அந்த வாணலியை வெச்சுத்தான் அப்புறம் நான் சமைச்சேன், நல்ல வாணலிதான்.

மனுஷங்ககிட்டயும் அதே கதைதான். எனக்கு முதல் தடவை உண்டாகி மூணாம் மாசத்துல கலைஞ்சு போச்சு. வந்தவங்க எல்லாரும் "அதனால என்ன, சின்ன வயசு, அடுத்தது தங்கும்"னு சொல்லிட்டு, காப்பி குடிச்சுட்டு, ஊர்க்கதை பேசிட்டுப் போனாங்க. நானும் சிரிச்சுட்டே வழியனுப்பினேன். அக்கா வந்தாங்க, கதவைச் சாத்தினாங்க, என் பக்கத்துல தரையில உட்கார்ந்தாங்க. "எங்கிட்ட என்னத்துக்குச் சிரிக்க? என்ன பேரு வைக்கணும்னு நினைச்சிருந்த, சொல்லு"ன்னாங்க. அவ்வளவுதான், அப்படி ஒரு அழுகை வந்தது. சாயங்காலம் வரைக்கும் என் தலையை மடியில வெச்சுட்டு இருந்தாங்க. கோபமாகவும் இருந்தது, இந்தம்மா ஏன் இப்படிக் கிளறுறாங்கன்னு. ஆனா அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாள் கழிச்சுத் தூங்கினேன்.

அவங்களுக்கு ஜெனி பிறந்தது அடுத்த வருஷம். அதுவும் ரொம்ப வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை. சுருட்டை முடி, எதைக் கண்டாலும் "காக்கா"ன்னு கத்தும். புறாவும் காக்காதான், ஏரோப்ளேனும் காக்காதான். அபார்ட்மென்ட்ல கீழே இருந்து அது கத்துறது எங்க வீட்டு வரைக்கும் கேக்கும். "உங்க பொண்ணு பெரிய பேச்சாளியா வருவா"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். "வரட்டுமே, என் வாய்க்கு மேல ஒரு வாய் வேணும்லா இந்த வீட்டுக்கு"ம்பாங்க.

ஜெனிக்கு ஒரு வயசு தாண்டினப்ப வீடு வாங்கினாங்க. நியூயார்க் ரயில் நிக்கிற ஒரு சின்ன டவுன்ல, எந்தக் காலத்துலயோ கட்டின மரவீடு. உசரமான சீலிங், பெரிய பெரிய ஜன்னல். அவங்க வீட்டுக்காரர் சோம்பேறின்னு சொல்ல மாட்டேன், ஆனா ஆபீஸ் விட்டு வந்தா டிவி முன்னாடி காலை நீட்டணும் அவருக்கு. "சுவர் நல்லாத்தானே இருக்கு, மேல ஒரு கோட் அடிச்சு விட்டுடலாம்"னார். அக்கா சிரிச்சாங்க. "மேல பூசுறதுக்கு நான் எதுக்கு? உங்க சித்தப்பா மகனைக் கூப்பிடுங்க"ன்னாங்க. அந்தச் சித்தப்பா மகன் எதையும் அரைகுறையா செய்யறவர்னு அந்த வீட்டுல ஒரு பழைய பகை.

டிசம்பர் வந்துடுச்சு. அதுதான் விஷயம். பாளையங்கோட்டையில அவங்க தெருவுல கிறிஸ்மஸுக்கு முன்னாடி வெள்ளையடிக்காத வீடே கிடையாதாம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி இறக்கி, கூட்டித் தள்ளி, சுவர்ல தண்ணி தெளிச்சு, அப்புறம்தான் புதுசு. பிள்ளைங்க எல்லாம் அந்தத் தூசுல உருண்டு வெள்ளையா எந்திரிக்குமாம். குளிப்பாட்டி விட்டா தீர்ந்தது, வெறும் சுண்ணாம்புதானே. கிறிஸ்மஸுக்குப் பழைய சுவரோட நிக்கிறது அவங்களுக்குக் குளிக்காம சர்ச்சுக்குப் போற மாதிரி. இங்க டிசம்பர்ல யாரும் வீட்டுக்குள்ள பெயின்ட் அடிக்க மாட்டாங்க, ஜன்னலைத் திறக்க முடியாதுன்னு நான் சொல்லிப் பார்த்தேன். "ஜன்னலைத் திறக்காட்டி என்ன, ஹீட்டர் போட்டா சீக்கிரம் காயும்லா"ன்னாங்க.

சனிக்கிழமைகள்ல நானும் போவேன், சர்ச்லருந்து ஒண்ணு ரெண்டு பேரும் கூடமாட வருவாங்க. ஸ்க்ரேப்பரை எடுத்துச் சுவர்ல வெச்சா அக்காவைப் பார்க்கணும்! மேல் கோட் க்ரீம், அதுக்குக் கீழ ரோஸ், அதுக்குக் கீழ பச்சை, அதுக்கும் கீழ ஒரு கெட்டியான சாம்பல் வெள்ளை. "பாத்தியா, பாத்தியா, எத்தனை பேரு ஏமாத்தியிருக்கான்"னு ஒவ்வொண்ணையும் எனக்குக் காட்டுவாங்க. அந்தச் சாம்பல் வெள்ளைதான் லேசுல வரலை. உப்புத்தாளைக் கட்டையில சுத்தி, தேய் தேய்னு தேய்ச்சாங்க. ஜன்னல் சட்டம், கதவு நிலை, ஒண்ணையும் விடலை. அடிச்சுவர் தெரியிற வரைக்கும் நிறுத்தவே மாட்டாங்க. மாவு மில்லுக்குள்ள நின்ன மாதிரி இருக்கும், தலை, புருவம் எல்லாம் வெள்ளை. ஹீட்டர் காத்துல அது வீடு பூராவும் மெதுவா மிதந்துட்டே இருக்கும்.

ஜெனி தரையில ஒரு பெட்ஷீட்ல இருக்கும். பெட்ஷீட்ல எங்க இருக்கும், தவழ்ந்து வெளிய வந்துடும். தூசுல விரலால கோடு போடும், கைகொட்டும், விரலை வாயில வெச்சுக்கும். எல்லாரும் அந்த அறையிலதான் இருந்தோம், எல்லாரும் பார்த்துட்டுத்தான் இருந்தோம். இதுல ஒண்ணு சொல்லணும். பெயின்ட் அடிக்கிற அன்னைக்கு மட்டும் ஜெனியை எங்க வீட்டுல கொண்டு வந்து விட்டுட்டாங்க. "பெயின்ட் வாசம் பிள்ளைக்கு ஆகாதுட்டி, தலைவலிக்கும். தூசின்னா தொடைச்சா போச்சு"ன்னு சொன்னாங்க. அவ்வளவு ஜாக்கிரதை அவங்க.

சுரண்டி முடிச்சதும் ஓட்டை, வெடிப்பு எல்லாத்துக்கும் பட்டி வெச்சு, திரும்பத் தேய்ச்சு, ஈரத்துணியில துடைச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கப்புறம்தான் பெயின்ட். கிறிஸ்மஸ் அன்னைக்கு அந்த வீட்டைப் பார்க்கணுமே! லேசான மஞ்சள். எங்க தடவினாலும் ஒரு திட்டு கிடையாது, ஒரு கோடு கிடையாது. சர்ச் ஜனங்க முறுக்கும் அதிரசமும் கையில வெச்சுட்டு வாயைப் பிளந்துட்டு நின்னாங்க. "அக்கா, எங்க வீட்டுக்கும் வாங்கக்கா"ன்னு அங்கேயே ஆள் ஆளுக்குக் கூப்பிட்டாங்க. அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அமெரிக்கா வந்த நாள்லருந்து அவங்களை யாரும் ஒரு வேலைக்குன்னு கூப்பிட்டதில்லை, பாவம். அடுத்த மாசமே ரூபின்னு ஒரு குட்டிப் பொண்ணு இருக்கிற வீட்டுக்குப் போய் முழு ஹாலையும் சுரண்டிக் கொடுத்துட்டு வந்தாங்க.

கிறிஸ்மஸ் அன்னைக்கே ஜெனி நை நைன்னு அழுதுட்டுத்தான் இருந்தது. சாப்பிடலை. வயித்தைப் பிடிச்சுட்டு உடம்பை முறுக்கும். பல்லு வருதுன்னு ஒருத்தங்க, சளின்னு ஒருத்தங்க, கண்ணு பட்டிருக்குன்னு நானே சொன்னேன். சர்ச் ஜனங்களுக்குத் தெரியாம நான் உப்பு மிளகாய் சுத்திக்கூடப் போட்டேன், அக்கா கண்டுக்காத மாதிரி இருந்துட்டாங்க. அப்புறம் பனி எல்லாம் கரைஞ்சு, மரம் துளிர்க்கிற நேரத்துல ஒரு நாள் அக்கா போன் பண்ணினாங்க. "ஏட்டி, உனக்கு நெனப்பிருக்கா, ஜெனி கடைசியா எப்பம் காக்கான்னு சொல்லிச்சு?"ன்னு கேட்டாங்க. நான் யோசிச்சேன். எனக்குச் சொல்லத் தெரியலை.

டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். வயசான வெள்ளைக்காரர், பொறுமையான மனுஷர். ஜெனியோட கண்ணை இழுத்துப் பார்த்தார், ரத்தமே இல்லைன்னார். பேச்சு குறைஞ்சிருக்கான்னு கேட்டார். அப்புறம், வீட்டுல சமீபத்துல ஏதாவது வேலை நடந்ததான்னு கேட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. அவ்வளவு கவலையிலயும் அவங்க முகத்துல ஒரு சின்னப் பெருமை வந்ததை நான் பார்த்தேன். "எஸ் டாக்டர். ஐ டிட் இட் மைசெல்ஃப். ஐ ஸ்க்ரேப்ட் எவ்ரிதிங்"ன்னாங்க. அவர் பேனாவைக் கீழ வெச்சார். அன்னைக்கே விரல்ல குத்தி ரத்தம் எடுத்தாங்க. மறுநாள் போன் வந்தது, உடனே பிள்ளையை ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு.

காரீயம். இங்க லெட்னு சொல்றாங்க. அந்தக் காலத்துப் பெயின்ட்ல எல்லாம் அதைக் கலப்பாங்களாம். அந்தக் கெட்டிச் சாம்பல் வெள்ளை இருக்கே, அதுதான். தூசா உள்ள போய், ரத்தத்துல கலந்து, பிள்ளைங்களோட மூளையில போய் உட்கார்ந்துக்குமாம். ஊசி போட்டா ரத்தத்துல இருக்கிறது இறங்கும், மூளைக்கு ஆனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாதுன்னாங்க. ஊசின்னா சாதாரண ஊசி இல்லை. தொடையில மாத்தி மாத்திப் போடணும், பிள்ளை துள்ளத் துள்ளப் பிடிச்சுக்கணும். அம்மா வெளிய இருக்கலாம்னு நர்ஸ் சொன்னாங்க. அக்கா நகரலை. தினமும் அந்தக் காலை அவங்கதான் பிடிச்சுட்டு நின்னாங்க, ஊசி இறங்குற இடத்தையே பார்த்துட்டு. நான்தான் வெளிய ஓடிப் போய் அழுதேன்.

கவுன்டி சுகாதார ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் துப்பாக்கி மாதிரி ஒரு மெஷினோட வீட்டைப் பார்க்க வந்தார். அன்னைக்கும் நான் கூட இருந்தேன். காரீயம் இருக்கான்னு சுவர் சுவரா வெச்சு அழுத்திப் பார்த்தார். சுவர்ல இப்போ ஒண்ணுமே இல்லை, ரொம்பச் சுத்தமான வேலைன்னார். எல்லாம் தரைப் பலகை இடுக்குல, கார்ப்பெட்ல, ஹீட்டர் குழாய்க்குள்ள இருக்குன்னார். பையை மூடிக்கிட்டே, கெட்ட எண்ணமெல்லாம் இல்லாம, சாதாரணமா ஒண்ணு சொன்னார். பழசைத் தொடாம மேலேயே ரெண்டு கோட் அடிச்சு விட்டிருந்தா இந்தக் குழந்தைக்கு இவ்வளவு ஆகியிருக்காதுன்னார். அக்கா என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுதாரு?"ன்னாங்க. இங்கிலீஷ்ல பாடம் நடத்தினவங்க, அவங்களுக்கா புரியாது?

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரைத் திட்டறது? அரைகுறையா வேலை செஞ்சவன் எல்லாம் பிள்ளை குட்டியோட சௌக்கியமா இருக்கான். ஒழுங்கா செய்யணும்னு முதுகு ஒடிஞ்சவளுக்கு இந்தத் தண்டனையா? இது எந்த ஊர் நியாயம்? உங்க சாமிகிட்ட கேளுங்கக்கான்னு நான் கத்தினேன். "கேட்டாச்சு"ன்னாங்க.

அவங்க வீட்டுக்காரர் அக்காவைத் திட்டலை, அடிக்கலை, அதெல்லாம் நான் சொல்லியாகணும். ஆனா அவர் முடிவு பண்ணிட்டார். மூளைக்காய்ச்சல்னு சொல்லிடுவோம், காய்ச்சல்ல பேச்சு போயிடுச்சுன்னு சொல்லிடுவோம்னார். "நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு வரும். அம்மாவே பண்ணினதுன்னு நாலு பேர் பேசணுமா?"ன்னு என் முன்னாடியே கேட்டார். சர்ச் ஜனங்க அதை அப்படியே நம்பினாங்க. சாப்பாடு கொண்டு வந்து கொடுத்தாங்க, ஜெபம் பண்ணினாங்க. வீட்டைக் காலி பண்ணி அவங்க மறுபடி அபார்ட்மென்ட்டுக்கே வந்துட்டாங்க. காய்ச்சல் எப்படி வந்ததுன்னு யாராவது கேட்டா அக்கா தலையைக் குனிஞ்சுக்குவாங்க. சில வாரம் அப்படிப் போச்சு. அவங்க பொய்க்குத் துணை நின்னு நான் பார்த்தது அப்போ மட்டும்தான்.

மாசம் ஒரு தடவை தமிழ் ஆராதனை நடக்கும், ஒரு அமெரிக்கன் சர்ச்சோட பேஸ்மென்ட் ஹாலை வாடகைக்கு எடுத்து. நான் கும்பிடுறது முருகனை. ஆனா அங்க பிரியாணி நல்லாயிருக்கும், அதனால நானும் போவேன், என்ன இப்போ? பாட்டு முடிஞ்சதும் சாட்சி சொல்ற நேரம் வரும். ஆண்டவர் செஞ்ச நன்மையை ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்லணும். அன்னைக்கு ஒருத்தர் கிரீன் கார்டு வந்ததுன்னு சொன்னார், ஸ்தோத்திரம். ஒரு அம்மா டிரைவிங் டெஸ்ட் பாஸ் பண்ணினதைச் சொன்னாங்க, ஸ்தோத்திரம். அப்புறம் அக்கா எந்திரிச்சாங்க.

"ஜெனிக்கு வந்தது காய்ச்சல் இல்ல"ன்னாங்க. சத்தமா, கிளாஸ்ல பாடம் நடத்துற குரல்ல. "நான் சுரண்டின பெயின்ட். அதுல விஷம் இருந்துச்சு. எம்பிள்ளைக்கு நானேதான் கொடுத்தேன். பழைய வீட்டுல இருக்கவங்க, எங்கூட சேந்து சுரண்டினவங்க, நான் வந்து சுரண்டிக் கொடுத்தவங்க, எல்லாரும் இந்த வாரமே பிள்ளைக்கு ரத்தம் பாருங்க. பல்லுன்னு இருந்திராதிய. சளின்னு இருந்திராதிய." ரூபியோட அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாங்க. "நீ நாளைக்கே போ"ன்னாங்க. ஸ்தோத்திரம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை. அவங்க வீட்டுக்காரர் ஜெனியைத் தூக்கிட்டு எந்திரிச்சு நேரா பார்க்கிங் லாட்டுக்குப் போயிட்டார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்னுட்டு, யாராவது கேள்வி கேக்கிறாங்களான்னு பார்த்துட்டு, உட்கார்ந்தாங்க.

ரூபிக்கும் ரத்தத்துல காரீயம் இருந்தது. ஆனா கொஞ்சம்தான். நல்ல நேரத்துல பார்த்தீங்க, இன்னும் நாலு மாசம் போயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாராம். வீட்டைச் சுத்தம் பண்ணி, சத்தா சாப்பாடு கொடுத்து, அதுவே இறங்கிடுச்சு. ரூபியோட அம்மா அந்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தா. நானும் இருந்தேன். உள்ள வரலை, வாசல்ல நின்னுட்டே கத்தினா. "உங்க பிள்ளைக்கு வந்த வியாதியை எங்க வீட்டுக்கும் கொண்டு வந்தீங்களே, நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணினோம்? இனிமே எங்க முகத்துலயே முழிக்காதீங்க." அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு, "திரும்ப எப்பம் ரத்தம் பாக்கச் சொல்லியிருக்காவ?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவ விறுவிறுன்னு போயிட்டா. அதுக்கப்புறம் அக்காவை ஒருத்தரும் எதுக்கும் கூப்பிடலை. அவங்க வீட்டுக்காரரும் தேவைக்கு மேல ஒரு வார்த்தை பேசறதில்லைன்னு எனக்குத் தெரியும்.

அவங்க அதுக்குப் பிறகும் ரெண்டு வருஷத்துக்குப் பக்கமா நியூ ஜெர்சியிலதான் இருந்தாங்க. அப்புறம் அவருக்கு டெக்ஸஸ்ல வேலை கிடைச்சு, ஆஸ்டின் பக்கம் போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி கடைசியா அந்தப் பேஸ்மென்ட் ஹாலுக்கு வந்தப்ப நான்தான் டிரைவ் பண்ணினேன். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் தட்டோட நிக்கிறாங்க. அக்கா ஒரு ஓரமா சேர்ல, ஜெனி அவங்க விரலைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல. ஜெனி நடக்கும், சிரிக்கும், கூப்பிட்டா திரும்பும். பேச்சு மட்டும் வரலை.

அப்போ ரூபி ஓடி வந்தா. அவளுக்கு இந்தச் சண்டையெல்லாம் என்ன தெரியும்? புது ஷூ போட்டிருந்தா, அதை யார்கிட்டயாவது காட்டணும். நேரா அக்கா முன்னாடி வந்து காலைத் தூக்கிக் காட்டி ஆரம்பிச்சா. ஆன்ட்டி, லுக், திஸ் இஸ் பர்ப்பிள், இது எங்க டாடி வாங்கினது, எங்க டேகேர்ல ஒரு ராபிட் இருக்கு, அது என் ஷூவைக் கடிச்சுது, பட் இட் டிட்ன்ட் ஹர்ட், உங்களுக்கு ராபிட் பிடிக்குமா, ஏன் ஜெனி பேச மாட்டேங்குது? அக்கா அவளை நிறுத்தலை. குனிஞ்சு, அந்த வாயையே பார்த்துட்டு, ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினாங்க. பின்னாலருந்து அவ அம்மா, "ரூபி! கம் ஹியர்! அங்க போகக் கூடாதுன்னு சொன்னேன்ல!"ன்னு கத்தினா. பிள்ளை பேசிக்கிட்டே ஓடிப் போச்சு.

அக்கா என் கையைப் பிடிச்சாங்க. "எப்படிப் பேசுதா, பாத்தியாட்டி!"ன்னாங்க. அவங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம், நான் சத்தியமா சொல்றேன், துளி பொறாமை கிடையாது. "ஒரு வார்த்தை தட்டலை, கேட்டியா. ஒரு வார்த்தை தட்டலை." ஆமாக்கான்னு சொன்னேன். ஜெனி எங்க ரெண்டு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு நின்னுச்சு.